மொசாம்பிக்கின் சமாதானமும் அதன் மத்தியஸ்தர்களும்

ரோமாபுரியில் தைபர் நதிக்கு மேற்கே திராஸ்தேவெரே என்னும் பழம்பேட்டையில், ஒரு காலத்தில் கார்மேல் சபைக் கன்னியர் வாழ்ந்து பின்னர் ஆளற்றுக் கிடந்த ஒரு மடம் உண்டு. 1968-இல் ஆந்திரேயா ரிக்கார்தி என்ற பள்ளி மாணவர் தம் தோழர்களோடு ஏழைகளுக்குத் தொண்டு செய்யவென்று தொடங்கிய ஒரு சிறு சங்கம், பிற்காலத்தில் அந்த மடத்தில் குடியேறி, அதன் பெயரையே தன் பெயராகவும் ஏற்று, சான்ட் எஜீதியோ சமூகம் என்று வழங்கலாயிற்று. 1990-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 8-ஆம் தேதி, ஆப்பிரிக்காவின் தென்கிழக்குக் கரையிலுள்ள மொசாம்பிக் தேசத்தில் பதின்மூன்று ஆண்டுகளாக ஒருவரையொருவர் வேரறுக்க முயன்றுவந்த இரு கட்சியாரின் தூதர்கள், அந்த மடத்தில் எதிரெதிராக வந்து அமர்ந்தார்கள். அரசாங்கத்தின் சார்பில் வந்தவர் போக்குவரத்து மந்திரி அர்மாந்தோ கெபுஸா. ரெனாமோ என்னும் கிளர்ச்சி இயக்கத்தின் சார்பில் வந்தவர் ராவுல் டொமிங்கோஸ். இவர்களுக்கு நடுவே நால்வர் இருந்தனர்: சரித்திரப் பேராசிரியராகிவிட்டிருந்த ரிக்கார்தி, அதே சங்கத்தைச் சேர்ந்த மத்தேயோ ஸுப்பி என்ற இளம் பாதிரியார், மொசாம்பிக்கின் பெய்ரா நகரத்துப் பேராயர் ஜெய்மே கொன்சால்வெஸ், இத்தாலிய அரசாங்கம் அனுப்பிய மாரியோ ரஃபாயெல்லி என்ற பாராளுமன்ற அங்கத்தினர்.

இந்த நால்வரிடமும் பட்டாளம் இல்லை; ஒருவரை மிரட்டிப் பணியவைக்கும் அதிகாரமும் இல்லை. ஆயினும், அண்டை நாட்டு ஜனாதிபதிகளும் வல்லரசுகளின் தூதர்களும் முயன்று கைவிட்ட காரியம், இருபத்தேழு மாத காலத்தில் இவர்கள் முன்னிலையில் கைகூடிற்று. அது எவ்வாறு கைகூடிற்று என்பதையும், உள்நாட்டு யுத்தத்தை நிறுத்துவதில் அந்நியர் செய்யக்கூடியது எது, செய்ய முடியாதது எது என்பதையும் ஆராய விரும்புவோர்க்கு மொசாம்பிக்கின் சரித்திரத்தைக் காட்டிலும் தெளிவான சாட்சி கிடைப்பது அரிது என்பது என் அபிப்பிராயம்.

வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வரும் வழியில், 1498-இல், மொசாம்பிக் தீவில் நங்கூரம் பாய்ச்சினான். அதன்பின் அக்கரை போர்த்துக்கீசியர் வசமாயிற்று. 1752 வரையில் அது கோவாவிலிருந்தே ஆளப்பட்டது என்பது நம்மவரில் பலர் அறியாத செய்தி. நான்கு நூற்றாண்டுகளுக்கு மேல் நீடித்த அந்த ஆட்சி ஜனங்களுக்குக் கல்வியையோ உத்தியோகப் பயிற்சியையோ கொடுக்கவில்லை. 1962-இல் டார் எஸ் ஸலாம் நகரில் எதுவார்தோ மோந்த்லானேயின் தலைமையில் தோன்றிய ஃபிரெலிமோ என்னும் விடுதலை முன்னணி பத்தாண்டு ஆயுதப் போராட்டம் நடத்தியது. மோந்த்லானே 1969-இல் பொட்டலத்தில் வைத்தனுப்பிய வெடிகுண்டால் கொல்லப்பட்டார். 1974 ஏப்ரலில் லிஸ்பனில் ராணுவப் புரட்சி மூண்டதன் பயனாக, 1975 ஜூன் 25-ஆம் தேதி சமோரா மாஷேல் சுதந்திர மொசாம்பிக்கின் முதல் ஜனாதிபதியானார். அன்றைக்கு அத்தேசத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர்க்கு எழுத்து வாசனையில்லை. வைத்தியர், பொறியாளர், கணக்கர் என்று எல்லா வேலைகளையும் வகித்துவந்த போர்த்துக்கீசியர் பெரும்பாலோர் ஓரிரு ஆண்டுகளில் கப்பலேறிவிட்டார்கள்.

யுத்தத்தின் விதை வெளியிலிருந்து வந்தது. அயலிலிருந்த ரொடீஷியாவின் வெள்ளையர் அரசாங்கம், தன்னை எதிர்த்த கறுப்பர் படைகளுக்கு மாஷேல் இடங்கொடுத்ததற்குப் பழிவாங்கும் பொருட்டு, தன் ஒற்றர் இலாகாவைக் கொண்டு ஒரு கலகப்படையைத் திரட்டிற்று. அதுவே ரெனாமோ. அதன் முதல் தலைவர் ஆந்திரே மத்ஸங்காயிஸா 1979-இல் கொரொங்கோஸா மலைப்பகுதியில் மாண்டபின், அஃபோன்சோ த்லகாமா என்ற இளைஞர் தலைமை ஏற்றார். 1980-இல் ரொடீஷியா மறைந்து ஸிம்பாப்வே பிறக்கவே, இப்படை தென்னாப்பிரிக்க இனவெறி அரசாங்கத்தின் போஷணைக்கு மாறிற்று. எனினும், அந்நியரின் ஆயுதத்தால் மட்டும் ஒரு கிளர்ச்சி பதினாறு ஆண்டுகள் நிலைத்துவிடாது. ஃபிரெலிமோ அரசாங்கம், சோஷலிஸ உற்சாகத்தில், குடியானவர்களைப் பிதுரார்ஜித நிலங்களிலிருந்து பெயர்த்துக் கூட்டுக் கிராமங்களில் குடியமர்த்தியது; பரம்பரைக் கிராமத் தலைவர்களைப் பதவியிழக்கச் செய்தது; கோயில்களையும் மிஷன் பள்ளிகளையும் கைப்பற்றியது. இதனால் மனம் கசந்த நாட்டுப்புறங்கள் பலவற்றில் ரெனாமோவுக்கு ஒதுங்க இடமும் உண்ணச் சோறும் கிடைத்தன. அதே ரெனாமோதான் சிறுவர்களைக் கடத்திச் சென்று துப்பாக்கி கொடுத்தது. காதையும் மூக்கையும் அறுத்தது. பள்ளிக்கூடங்களையும் வைத்தியசாலைகளையும் எரித்தது. 1987 ஜூலையில் ஹொமோயினே என்னும் ஊரில் நானூறுக்கு மேற்பட்டோர் ஒரே நாளில் கொல்லப்பட்டனர். ஒன்றரைக் கோடிக்கும் குறைந்த ஜனத்தொகை கொண்ட அத்தேசத்தில், யுத்தத்தாலும் அதனால் விளைந்த பஞ்சத்தாலும் ஏறக்குறைய 10 லட்சம் பேர் மாண்டார்கள் என்றும், சுமார் 50 லட்சம் பேர் வீடிழந்தார்கள் என்றும் கணக்கிடுகிறார்கள். தானே ஏழையான மலாவி நாடு மட்டும் 10 லட்சம் அகதிகளுக்கு இடங்கொடுத்தது.

இந்த நெருப்பை அணைக்க எடுத்த முதல் பிரயத்தனங்கள் அரசுக்கும் அரசுக்குமிடையே நடந்தவை. 1984 மார்ச் 16-ஆம் தேதி மாஷேலும் தென்னாப்பிரிக்கப் பிரதம மந்திரி போத்தாவும் இன்கோமாட்டி நதிக்கரையில் சந்தித்து, ஒருவர் பகைவர்க்கு மற்றவர் உதவுவதில்லை என்று ஒப்பந்தம் எழுதினார்கள். மொசாம்பிக் தன் வாக்கைக் காத்தது. தென்னாப்பிரிக்காவின் ராணுவத்தார் காக்கவில்லை. மறு ஆண்டு கொரொங்கோஸாவில் ரெனாமோவின் பாசறை பிடிபட்டபோது கிடைத்த நாட்குறிப்புகள் அதற்குச் சாட்சியாயின. 1984 அக்டோபரில் பிரிட்டோரியாவில் நடந்த பேச்சும் சில நாட்களில் முறிந்தது. 1986 அக்டோபர் 19-ஆம் தேதி மாஷேலின் விமானம் தென்னாப்பிரிக்க எல்லைக்குள் மலைமேல் மோதி விழுந்தது. அவருக்குப்பின் வந்த ஜோவாக்கிம் சிசானோ பொறுமைசாலி, மேலும் போரினால் முடிவு காணமுடியாது என்பதை மனத்துக்குள் ஒப்புக்கொண்டவர். ஆயினும் அரசாங்கத்தின் வாயில் ரெனாமோவுக்கு ஆயுதந்தாங்கிய கொள்ளையர் என்பதைத் தவிர வேறு பெயர் அப்போதும் வரவில்லை. கொள்ளையரோடு அரசன் பேசுவதெங்ஙனம்?

அந்த இக்கட்டை அவிழ்த்தவர்கள் உள்நாட்டுப் பாதிரிமார்களே என்பதை இங்கே அழுத்திச் சொல்லவேண்டும். ஏனெனில் ரோமாபுரியின் புகழில் அவர்கள் பெயர் மங்கிவிடுகிறது. ஆங்கிலிக்கன் திருச்சபையின் ஆயர் தினிஸ் செங்குலானே, தலைநகர் மபூட்டோவின் கத்தோலிக்கப் பேராயர் அலெக்ஸாந்த்ரே தோஸ் ஸாந்தோஸ், பெய்ராவின் கொன்சால்வெஸ் முதலானோர், பேச்சுவார்த்தை என்ற சொல்லே ராஜத்துரோகமாகத் தோன்றிய காலத்தில் அதை வெளிப்படையாக வேண்டினார்கள். 1988-இல் கொன்சால்வெஸ் கொரொங்கோஸாவின் காட்டுக்குள்ளேயே சென்று த்லகாமாவைச் சந்தித்துத் திரும்பினார். மறு ஆண்டு நைரோபியில் பாதிரிமார்கள் ரெனாமோ தலைவர்களோடு பேசினார்கள்; கென்யாவின் மோயும் ஸிம்பாப்வேயின் முகாபேயும் மத்தியஸ்தர்களாக முன்வந்தார்கள். ஆனால் முகாபேயின் துருப்புகள் மொசாம்பிக் மண்ணில் அரசாங்கத்துக்குத் துணையாகப் போரிட்டுக்கொண்டிருந்தன. கென்யாவோ ரெனாமோவுக்கு அனுகூலமானது என்று அரசாங்கம் சந்தேகித்தது. இருவரையும் இரு கட்சியாரும் ஒருங்கே நம்புவதற்கில்லை.

ரோமாபுரி நினைவுக்கு வந்தது இதனால்தான். கொன்சால்வெஸ் எழுபதுகளில் அங்கே படித்த காலத்திலேயே சான்ட் எஜீதியோ சங்கத்தாரோடு பழக்கம் கொண்டிருந்தார். மொசாம்பிக்கில் தேவாலயங்கள் மூடப்பட்டபோது, இச்சங்கத்தார் செய்த ஒரு காரியம் சாமர்த்தியத்தால் மட்டுமன்றித் துணிவாலும் போற்றத்தக்கது. ஃபிரெலிமோ செவிசாய்க்கக்கூடிய ஐரோப்பியர் யார் என்று யோசித்து, இத்தாலியக் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் என்ரிக்கோ பெர்லிங்குவேரிடம் அப்பேராயரை அழைத்துச் சென்று, கம்யூனிஸ்டுகளின் வாயாலேயே வழிபாட்டுச் சுதந்திரத்துக்குப் பரிந்து பேசச் செய்தார்கள். பஞ்ச காலத்தில் கப்பல்களில் தானியமும் மருந்தும் அனுப்பினார்கள். இவ்வாறு ஆண்டுக்கணக்கில் எவ்விதப் பிரதிபலனும் கேளாமல் பழகியிருந்ததால், 1990-இல் அவர்கள் கதவைத் திறந்து வைத்தபோது, உள்ளே வர இருதரப்பாரும் அஞ்சவில்லை. ராஜதந்திரிகள் ஒரு யுத்தம் முற்றியபின் ஓடிவந்து நம்பிக்கையைச் சம்பாதிக்க முயல்கிறார்கள். இவர்கள் அதை முன்னமே சம்பாதித்து வைத்திருந்தார்கள். ரோமாபுரிச் சமாதானத்தின் மூலபலம் இதுவே என்று நான் கருதுகிறேன்.

முதற்கூட்டம் மூன்று நாள் நடந்தது. அதன் முடிவில் வெளியான அறிக்கை மிகச் சிறியது. தாங்கள் ஒரே மொசாம்பிக் குடும்பத்தின் மக்கள் என்பதையும், பிரிப்பதை விலக்கி ஒன்றுசேர்ப்பதை நாடுவதென்பதையும் இருவரும் ஒப்புக்கொண்டதாக அது கூறிற்று. இவ்வளவுக்கா மூன்று நாள் என்று அவசரக்காரர் கேட்கலாம். பதின்மூன்று ஆண்டுகள் கொள்ளையரென்றும் கொடுங்கோலரென்றும் ஏசிவந்தவர்கள் ஒரே காகிதத்தில் குடும்பத்தவராகக் கையெழுத்திட்டதன் அருமையை, அந்த யுத்தத்தில் வீட்டை இழந்தவனே அறிவான். ஆண்டு முடிவதற்குள், முதலில் பார்வையாளராகவே அமர்ந்திருந்த நால்வரும் இருதரப்பார் சம்மதத்தோடு மத்தியஸ்தர் ஆனார்கள்.

அதற்குப்பின் நடந்தது நெடிய வழக்கு. 1990 டிசம்பர் 1-ஆம் தேதி, ஸிம்பாப்வேயின் துருப்புகள் பெய்ரா, லிம்போப்போ என்னும் இரு இருப்புப்பாதை வழிகளோடு ஒதுங்கி நிற்பதென்றும், ரெனாமோ அவ்வழிகளைத் தாக்குவதில்லையென்றும், அதைக் கண்காணிக்கப் பல நாட்டார் அடங்கிய கமிட்டி அமைப்பதென்றும் முடிவாயிற்று. கடற்கரையில்லாத ஸிம்பாப்வேக்குப் பெய்ரா துறைமுகம் உயிர்நாடி என்பதை அறிந்தால் இந்த ஏற்பாட்டின் நுட்பம் விளங்கும். பிறகு மாதக்கணக்கில் ஒன்றும் நகரவில்லை. அரசாங்கம் தன்னைச் சட்டபூர்வமான அரசாங்கமென்று ரெனாமோ முதலில் ஏற்கவேண்டும் என்றது. ஏற்றுவிட்டால் போரிட்டதற்கே நியாயமில்லாமற் போகுமே என்று ரெனாமோ மறுத்தது. 1991 அக்டோபர் 18-இல் கையெழுத்தான முதல் உடன்படிக்கை இதற்குக் கண்ட வழி, வழக்கறிஞர்களும் மெச்சத்தக்கது: போர் நிறுத்தத்துக்குப்பின் ரெனாமோ அரசியல் மார்க்கத்திலேயே தன் நோக்கங்களை நாடும், பேச்சில் உடன்பட்டவற்றுக்கு மாறான சட்டம் எதையும் அரசாங்கம் இயற்றாது. யார் யாருக்குப் பணிந்தார்கள் என்ற கேள்வி இதனால் எழாமலே போயிற்று. அடுத்த மாதமே கட்சிகளைப் பற்றிய உடன்படிக்கையும், 1992 மார்ச்சில் தேர்தல் முறை பற்றிய உடன்படிக்கையும் வந்தன.

மத்தியஸ்தர்களின் பொறுமையே எல்லாம் செய்தது என்றால் அது சரித்திரத்துக்கு விரோதமாகும். சோவியத் ராஜ்யம் சரிந்து கொண்டிருந்தது. தென்னாப்பிரிக்காவில் மண்டேலா சிறையினின்று வெளிவந்துவிட்டார். இரு கட்சிக்கும் பழைய போஷகர் எவரும் மிச்சமில்லை. 1990 நவம்பரில் மொசாம்பிக் பலகட்சி ஆட்சிமுறைக்கு இடந்தரும் புதிய அரசியல் சாசனத்தைத் தானாகவே இயற்றிக்கொண்டதால், ரெனாமோவின் பெரிய கோரிக்கை ஒன்று பேச்சு முடியுமுன்பே நிறைவேறிவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, 1991-92-இல் ஆப்பிரிக்காவின் தென்பகுதி முழுவதையும் வாட்டிய அனாவிருஷ்டி, இரு பட்டாளங்களையும் ஒருங்கே பட்டினி போட்டது. கொள்ளையிடக் குடியானவன் களஞ்சியத்தில் தானியம் இல்லாதபோது கொரில்லாப் படைக்கு வாழ்வேது? 1992 ஜூலையில், உணவு வண்டிகளை இருதரப்பும் தடையின்றி விடுவதென்று போர்நிறுத்தத்துக்கு முன்னரே உடன்பாடு எழுதப்பட்டது.

பணத்தின் பங்கையும் மறைக்கலாகாது. லோன்ரோ என்ற பிரிட்டிஷ் வியாபாரக் கம்பெனியின் தலைவர் டைனி ரோலண்ட், முதல் உலக யுத்த காலத்தில் இந்தியாவில் ஒரு தடுப்பு முகாமில் பிறந்தவர். மொசாம்பிக்கில் தம் கம்பெனியின் சொத்துக்களையும் எண்ணெய்க் குழாய்களையும் காக்க வேண்டி ரெனாமோவுக்குப் பல ஆண்டுகள் பணம் கொடுத்துவந்தவர். அவரே பின்னர்த் தம் விமானத்தில் த்லகாமாவை ஊர் ஊராக ஏற்றிச் சென்று, முகாபேயோடு சந்திக்க வைத்துச் சமாதானத்துக்கும் தூதரானார். ரோமில் தங்கியிருந்தவர்களின் செலவை இத்தாலி ஏற்றது.

1992 ஆகஸ்டில் சிசானோவும் த்லகாமாவும் ரோமாபுரியில் முதன்முறையாக நேரில் கண்டு, அக்டோபர் 1-ஆம் தேதிக்குள் போரை முடிப்பதென்று வாக்களித்தார்கள். தாமதங்களுக்குப்பின், அக்டோபர் 4-ஆம் தேதி, அசிசியின் புனித பிரான்சிஸ் திருநாளன்று, ஏழு உடன்படிக்கைகள் அடங்கிய பொதுச் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று.

அதே வாரத்தில் மேற்குக் கரையில் நடந்ததை இதனோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். அங்கோலாவும் போர்த்துக்கீசியரிடமிருந்து 1975-இல் விடுதலை பெற்று, உள்நாட்டு யுத்தத்தில் வீழ்ந்த தேசம். அங்கும் 1991 மே மாதம் பிசெஸ் ஒப்பந்தம் எழுதப்பட்டது; ஐக்கிய நாடுகள் சபை மார்கரெட் ஆன்ஸ்டி அம்மையாரைச் சில நூறு பார்வையாளர்களோடு அனுப்பியது. அந்தப் பரந்த நாட்டில் இரு படைகளும் முற்றிலும் கலையாத நிலையிலேயே 1992 செப்டம்பர் 29, 30 தேதிகளில் தேர்தல் நடந்தது. தோற்ற கிளர்ச்சித் தலைவர் சவிம்பி முடிவை ஏற்க மறுத்து மீண்டும் ஆயுதம் எடுத்தார். முன்னிலும் கொடிய யுத்தம் மூண்டது. ரோமாபுரியின் கையெழுத்தில் மை காயுமுன் இச்செய்தி வந்தது. மொசாம்பிக் ஒப்பந்தமும் ஓராண்டுக்குள் தேர்தல் என்றே விதித்திருந்தது. அங்கோலாவின் லட்சக்கணக்கான பிணங்களே, படை கலையாமல் வாக்குப்பெட்டி வைக்கலாகாது என்ற பாடத்தை உலகத்துக்குப் போதித்தன.

ஆகவே 1992 டிசம்பர் 16-ஆம் தேதி பாதுகாப்புச் சபை நிறைவேற்றிய தீர்மானம், ஆறாயிரத்துக்கு மேற்பட்ட படைவீரர்களை மொசாம்பிக்குக்கு அனுப்ப அனுமதித்தது. இத்தாலி, வங்காளதேசம், போட்ஸ்வானா, உருகுவே, ஸாம்பியா முதலிய நாடுகளின் பட்டாளங்கள் வந்தன. இந்திய ராணுவத்தின் பொறியியற் பிரிவினரும் சென்றனர். தலைமைப் பிரதிநிதியாக வந்தவர் ஆல்தோ அயெல்லோ, இத்தாலிய அரசியலில் பழகி, ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தில் பணிபுரிந்தவர். துருப்புகள் வந்து சேரவே 1993-இன் வசந்தகாலம் ஆகிவிட்டது. நல்லவேளையாக அதற்குள் போர் திரும்பவில்லை. இதற்குப் படையெதுவும் காரணமன்று; போரிட்டவர்களின் அலுப்பே காரணம்.

அயெல்லோ முதலிற் சந்தித்த சிக்கல் விசித்திரமானது. காட்டிலிருந்து வந்த ரெனாமோ பிரதிநிதிகளுக்கு மபூட்டோவில் தங்க வீடில்லை, வண்டியில்லை, தந்திக்கும் தபாலுக்கும் வழியில்லை. தங்களை இந்நிலையில் வைத்துச் சமமாகப் பேசச் சொல்வது நியாயமன்று என்று, 1993 மார்ச்சில் அவர்கள் கமிட்டிகளை விட்டு வெளியேறினார்கள். அயெல்லோ இதை அடாவடியென்று தள்ளவில்லை. ரெனாமோவை ஒரு கட்சியாக மாற்றவென்றே தனி நிதி ஒன்று ஏற்படுத்தி, இத்தாலியை முக்கியமாகக் கொண்டு நாடுகளிடம் பணம் திரட்டினார். முடிவில் அந்நிதி சுமார் 1 கோடியே 70 லட்சம் டாலரை எட்டிற்று. கொலைபாதகருக்கு லஞ்சம் என்று இதைப் பலர் கண்டித்தார்கள். அக்கண்டனத்தில் தர்ம ஆவேசம் உண்டு, அதை மதிக்கிறேன். ஆனால் ஐ.நா. அலுவல் முழுவதற்கும் ஆன செலவு ஏறக்குறைய 50 கோடி டாலர். இந்நிதி அதில் நூற்றுக்கு நான்கிற்கும் குறைவு. துப்பாக்கியால் மட்டுமே பிழைக்கத் தெரிந்த ஒரு கூட்டத்துக்கு, துப்பாக்கியில்லாமல் பிழைக்கும் வழியை அது காட்டிற்று. சவிம்பிக்கு அப்படியொரு வழியை எவரும் காட்டவில்லை.

படைகலைப்பே எல்லாவற்றினும் கடினமாக இருந்தது. 49 முகாம்கள் குறிக்கப்பட்டன; எதிரி தன் வீரரை அனுப்பட்டும், பிறகு நாம் அனுப்புவோம் என்று இருதரப்பும் ஓராண்டு காத்திருந்தன. 1993 அக்டோபரில் பொதுச் செயலாளர் பூத்ரோஸ் காலி நேரில் வந்து நெருக்கியபின்பே, நவம்பர் இறுதியில் வீரர்கள் முகாம்களுக்கு வரலானார்கள். அங்கே தலைவர்கள் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. இருதரப்பிலிருந்தும் சேர்த்து 30,000 பேர் கொண்ட புதிய ராணுவம் அமைப்பதென்பது ஒப்பந்தம்; ஆனால் சேர விரும்பியவர்கள் ஏறக்குறைய 12,000 பேர்தாம். மற்றவர்கள் வீட்டுக்குப் போகவேண்டுமென்று முகாம்களில் கலகமே செய்தார்கள்; சாலைகளை மறித்தார்கள்; அதிகாரிகளைச் சிறைப்பிடித்தார்கள். பன்னிரண்டு வயதில் கடத்தப்பட்டு இருபத்தைந்து வயதில் முகாமுக்கு வந்த ஒருவனுக்கு ராணுவ உத்தியோகம் எந்த ஆசையைத் தூண்டும்? கலைந்த வீரர்களுக்கு அரசாங்கம் ஆறு மாதமும், வெளிநாட்டார் திரட்டிய நிதி பதினெட்டு மாதமும், ஆக இரண்டு ஆண்டுகளுக்கு உபகாரச் சம்பளம் கொடுத்தன. தத்தம் ஜில்லாவின் பாங்கிக் கிளையிலேயே அதைப் பெறலாம் என்று ஏற்பாடு செய்தமையால், ஒவ்வொருவனும் ஊரில் போய் வேரூன்றினான். இந்த எளிய ஏற்பாட்டை வகுத்தவருக்கு ஆயிரம் நமஸ்காரம் செய்யலாம். இதே காலத்தில் அண்டை நாடுகளிலிருந்து 17 லட்சம் அகதிகள், பலர் கால்நடையாகவே, சொந்த ஊர் திரும்பினார்கள்.

நீல நிறத் தொப்பிக்காரர்கள் நன்மையே செய்தார்கள் என்றும் சொல்வதற்கில்லை. 12 முதல் 18 வயதுக்குட்பட்ட சிறுமிகளை அமைதிப்படையினர் சிலர் விபசாரத்தில் இழுத்தனர் என்பதை, சமோரா மாஷேலின் விதவையான கிராசா மாஷேல் அம்மையார் 1996-இல் ஐ.நா. சபைக்கே அளித்த அறிக்கையில் பதிவு செய்தார். காக்க வந்தவன் செய்த கொடுமை, பகைவன் செய்ததைவிட ஆழமாகவே புண்படுத்தும்.

1994 அக்டோபர் 27-ஆம் தேதி தேர்தல் தொடங்கிற்று. தொடங்குவதற்குச் சில மணி நேரம் முன்பு, மோசடி நடக்கிறதென்று சொல்லி த்லகாமா விலகிக்கொள்வதாக அறிவித்தார். அங்கோலாவை நினைத்து உலகம் நடுங்கிற்று. ஆனால் ஜனங்கள் அவர் சொல்லைக் கேளாமல் விடியுமுன்பே வரிசையில் நின்றார்கள். அயெல்லோவும் தூதர்களும் அண்டை நாட்டுத் தலைவர்களும் இரவு பகலாக அவரோடு வாதாடினார்கள். ஒருநாள் கழித்து அவர் திரும்பி வந்தார். வாக்களிப்பு மூன்றாம் நாளுக்கும் நீட்டிக்கப்பட்டது. சிசானோ நூற்றுக்கு 53 வாக்கும் த்லகாமா நூற்றுக்கு 34 வாக்கும் ஏறக்குறையப் பெற்றனர். 250 ஸ்தானங்களுள் ஃபிரெலிமோவுக்கு 129, ரெனாமோவுக்கு 112. ஆண்டு முடிவில் ஐ.நா. படை கப்பலேறிற்று.

இனி, அந்நியர் எவரும் தொடாத ஒரு பகுதியைச் சொல்லவேண்டும். ஒப்பந்தம் கையெழுத்தாகிப் பத்து நாளில், 1992 அக்டோபர் 14-ஆம் தேதி, யுத்தகாலக் குற்றங்கள் அனைத்துக்கும் பொதுமன்னிப்பளிக்கும் சட்டத்தை மொசாம்பிக் இயற்றியது. விசாரணை மன்றமில்லை, தென்னாப்பிரிக்காவைப் போல் உண்மை அறியும் கமிஷனுமில்லை. அண்டை வீட்டானைக் கொன்றவன் அதே ஊரில் வந்து குடியிருக்கப் போகிறான்; அவனோடு எப்படி வாழ்வது என்பதற்கு ரோமாபுரியின் காகிதங்களில் ஒரு வரியும் கிடையாது. அதற்கு விடை கண்டவர்கள் கிராமத்து வைத்தியர்களும் பூசாரிகளுமே. திரும்பி வந்த சிறுவனை ஆற்றில் நீராட்டி, போர்க்கால உடையை எரித்து, மூதாதையர்க்குப் படையலிட்டு, அதன்பின்பே வீட்டுக்குள் சேர்த்தார்கள். கொரொங்கோஸா வட்டாரத்தில், போரில் மாண்ட வீரனின் ஆவி உயிரோடிருப்பவர்மேல் இறங்கித் தனக்கிழைத்த அநீதியைச் சொல்வதும், குற்றஞ்சாட்டப்பட்ட குடும்பம் பலரறிய அதை ஒப்பி ஈடு செய்வதும், யுத்தத்துக்குப்பின் பரவிய வழக்கங்கள். சட்டம் மௌனமாக்கியதைச் சாமியாட்டம் பேச வைத்தது. அந்நிய நிபுணர்கள் இதை மூடநம்பிக்கையென்று தள்ளாமல், பிற்காலத்தில் மரியாதையோடு ஆராய்ந்தார்கள்.

உள்நாட்டுத் திருச்சபைகளும் சும்மா இருக்கவில்லை. ஐ.நா. படை லட்சத்துக்கு மேற்பட்ட துப்பாக்கிகளைத் திரட்டியும், புதைத்து வைத்தவை ஏராளம். ஆயர் செங்குலானேயின் தூண்டுதலால் 1995-இல் தொடங்கிய இயக்கம், துப்பாக்கியைக் கொணர்ந்தவர்க்குத் தையல் இயந்திரமும் மிதிவண்டியும் மண்வெட்டியும் கொடுத்தது. அவ்வாறு வந்த துப்பாக்கிகளை அறுத்துக் கலைஞர்கள் செய்த ஆயுதச் சிம்மாசனம் இன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. கண்ணிவெடிகளை அகற்றி முடிக்க மட்டும் 2015 வரையில் ஆயிற்று.

ஆனால் ஒப்பந்தம் தீர்க்காமல் விட்ட ஒன்று, இருபது ஆண்டுக்குப்பின் தலைதூக்கிற்று. வென்ற கட்சியே எல்லா மாகாணங்களுக்கும் ஆளுநரை நியமித்தது. ஸம்பேசியா, சொஃபாலா போன்ற மாகாணங்களில் ரெனாமோவே பெரும்பான்மை பெற்றிருந்தும் அங்கும் ஆண்டவர் ஃபிரெலிமோக்காரர். த்லகாமாவின் மெய்க்காவலர்கள் ஆயுதத்தோடு இருக்க விடப்பட்டார்கள். அவர்களைப் போலீஸில் சேர்க்கும் ஏற்பாடு நிறைவேறவேயில்லை. ரோமாபுரியில் அரசாங்கத்தின் தூதராக அமர்ந்திருந்த அதே கெபுஸா 2005-இல் ஜனாதிபதியானார். எட்டாண்டு கழித்து, 2013 அக்டோபரில், அவருடைய ராணுவம் கொரொங்கோஸாவிலிருந்த த்லகாமாவின் முகாமைத் தாக்கிப் பிடித்தது. 1992 ஒப்பந்தம் செத்துவிட்டதென்று ரெனாமோ அறிவித்தது. யுத்தத்தை முடிக்க எழுதிய ஒப்பந்தம் அதிகாரத்தைப் பங்கிட எழுதப்படவில்லை; மத்தியஸ்தர்கள் அதை வற்புறுத்தியிருக்கவேண்டும் என்றே நான் எண்ணுகிறேன். வெளிநாட்டாரும் தேர்தல் முடிந்த ஆண்டே கணக்கை மூடிவிட்டு, மொசாம்பிக்கை வெற்றிக் கதையென்று மாநாடுகளில் எடுத்துக்காட்டிக்கொண்டிருந்தார்கள்.

இம்முறை ஐ.நா. படை ஒன்றும் வரவில்லை. சுவிட்ஸர்லாந்தின் தூதரும் பின்னர் ஐ.நா. பொதுச் செயலாளரின் தனித்தூதருமான மிர்கோ மன்ஸோனி, சிறு குழுவோடு கொரொங்கோஸாவுக்கே சென்று பேசினார். 2018-இல் மாகாண ஆட்சி பற்றி அரசியல் சாசனம் திருத்தப்பட்டது. அதே ஆண்டு மே மாதம் த்லகாமா நோயால் மலையிலேயே இறந்தார். அவருக்குப்பின் வந்த ஒசூஃபோ மொமாதேயும் ஜனாதிபதி ஃபிலிப்பே நியூசியும் 2019 ஆகஸ்ட் 6-ஆம் தேதி மபூட்டோவில் புதிய ஒப்பந்தம் செய்தனர். வடகோடியிலுள்ள காபோ தெல்காதோ மாகாணத்தில் 2017 முதல் வேறொரு கலகம் மூண்டிருந்தபடியால், தேசத்துக்கு அப்போதும் பூரண அமைதி வாய்க்கவில்லை. ஆயினும் ரோமாபுரியில் தொடங்கிய வேலையை முடிக்கும் கடைசி ஏற்பாடு இது. 5,221 முன்னாள் போராளிகளின் பெயர்கள் பட்டியலில் எழுதப்பட்டன. அவர்களிற் பலர் 1992-க்கு முன்பே துப்பாக்கி ஏந்தியவர்கள். 1994-இல் கலைக்கப்படாமல் விடுபட்டு, நரைத்த தலையோடு இப்போது ஊர் திரும்பினார்கள். ரெனாமோவின் கடைசி முகாம், கொரொங்கோஸாவின் வுந்தூஸியில், 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதம் மூடப்பட்டது.